இடது காதுக்கு ஒரு சவுண்ட் கார்ட்

ஜெனிற்றா இறந்த செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. மருதனார்மடம் சந்திக்கு அருகே விபத்து. ‘ஹெட்போன் மாட்டியபடி சைக்கிளில் சென்ற பெண் பலி’ என்று ஓர் இணையத்தளம் தலைப்புப் போட்டிருந்தது. கேம் பைத்தியங்களுக்கு இதுதான் முடிவு என்று அதன் கீழே முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்புக்குறிகள் வேறு.

அது பொய். ஜெனிற்றாவின் ஹெட்போன் அன்று எங்கள் அச்சகத்தில், அவருடைய மேசையில் கிடந்தது. வீதியில் அவர் காதில் எதையும் மாட்டுவதில்லை. பிழையான பக்கத்தால் முந்த வந்த வான் வண்டிதான் அவரை மோதியது. இதைச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அவரை அறிந்தவர்களாவது உண்மையை அறிந்துகொள்ளுங்கள்.

ஜெனிற்றா குருநகர்க்காரி. நானும் அவரும் ஒரே அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தோம். வேலை முடிந்ததும் ஒரே அணியில் கணினி விளையாட்டு ஆடினோம். சிறுவயதில், போர்க்காலத்தில் வீட்டருகே விழுந்து வெடித்த செல் குண்டு, அவருடைய இடது காதின் கேள்திறனில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது. நாங்கள் ஆடும் விளையாட்டிலோ, எதிரியைக் காண்பதற்கு முன்பே காலடிச் சத்தத்தால் அறிய வேண்டும். இடப்பக்கமாக வருபவனை அவர் சூடுபட்ட பிறகுதான் அறிவார்.

அதற்கு வழி தேடி இருவரும் யாழ்ப்பாண நகரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பெரிய அம்பிளிபயரைத் தூக்கி வைத்தார்.

“இதைப் பூட்டினா காலடிச் சத்தம் இடி மாதிரிக் கேக்கும், தங்கச்சி.”

“இடி எனக்குச் சின்னனிலையே விழுந்திட்டுது, அண்ணை. எந்தப் பக்கத்தாலை வாறான் எண்டுதான் தெரியோணும்.”

ஜெனிற்றா சொன்னது சரி. அவருடைய ஹெட்போனுக்கு மடிக்கணினியின் சத்தமே போதும். அம்பிளிபயர் இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் கூட்டும். மிஞ்சியிருந்த நல்ல காதும் கெட்டுப்போகும். இடதையும் வலதையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய, விரல் நீளச் சவுண்ட் கார்ட் ஒன்றை அவர் கேட்டு எடுத்தார். “உது விளையாட்டுச் சாமான்” என்று கடைக்காரர் முகத்தைச் சுழித்தார். “விளையாடத்தானே வாங்கிறன்” என்றார் ஜெனிற்றா.

அதன் பிறகு அவர் ஆடியதை அணியில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இடப்பக்கம் இருந்து எவனும் அவரை ஏமாற்ற முடியவில்லை. அதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை.

சென்ற ஆண்டுப் போட்டியில், அந்தக் கார்டைக் கழற்றச் சொன்னார்கள். எதிரணி முறைப்பாடு செய்ததாம். வெளிச்சாமான் பூட்டுவது களவு என்றார் போட்டி நடத்துனர். இடது காது கேளாது என்று ஜெனிற்றா சொல்லியும் அவர் கேட்கவில்லை.

“நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே விதியை வாசிக்கிறியள்? அதைக் கழட்டிப்போட்டு வாசியுங்கோ பாப்பம்” என்றார் ஜெனிற்றா.

மண்டபம் சிரித்தது. நடத்துனர் சிவந்தார். ஆனாலும் கார்டைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. நாங்கள் வெளிநடப்புச் செய்ய எழுந்தோம். ஜெனிற்றா விடவில்லை.

“எல்லாரும் இருங்கோ. நான் பயந்து ஓடினன் எண்டு உவை கதைக்கக் கூடாது.”

ஆடினோம். இடப்பக்கமாக வந்தவன் அவரை மூன்று முறை வீழ்த்தினான். தோற்றோம். அவர் எதிரணியினர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு வெளியே வந்து, மதிலோரம் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

செவிக்குறை உள்ளவர்கள் தமது கருவியைப் பாவிக்கலாம் என்று இந்த ஆண்டு போட்டிக்காரர்கள் விதியை மாற்றியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்து மாதக்கணக்காகக் கேட்டபோது ஒரு வார்த்தை பதில் சொல்லாதவர்கள், அவர் போன மறுவாரமே மாற்றினார்கள். ‘எங்கள் பெருமைக்குரிய வீராங்கனை’ என்று அவருடைய படத்தையும் போட்டிருக்கிறார்கள். யாருடைய பெருமை? அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று நேரே போய்ச் சொன்னேன். இன்னும் எடுக்கவில்லை.

அந்தச் சவுண்ட் கார்டை அவருடைய தம்பி என்னிடம் தந்தார். ஜெனிற்றா வைத்த அளவுகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கின்றன. மாட்டிக் கேட்டேன். இடப்பக்கம் காதைக் கிழிக்கிறது. வலப்பக்கம் எங்கோ தூரத்தில் கேட்கிறது. ஒரு விசையை அழுத்தினால் அவர் வைத்த அளவுகள் அழிந்து என் காதுக்கு ஏற்றபடி மாறிவிடும்.

நான் அழுத்தவில்லை.