பாதிக் கிளாஸ் தண்ணீர்

பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பத்தாறில் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அங்கே சமையலறையில் இருந்த செல்வம் அண்ணைதான் சேர்த்துவிட்டவர். நான் கூட்டுகிற அறையொன்றில் நீல்ஸ் என்ற கிழவர், முன்னாள் கப்பல்காரர். எனக்கு டேனிஷ் வராது, அவரோடு ஆங்கிலத்தில்தான் கதை. உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்குச் சாமான் இறக்க ஒரு பசிபிக் தீவுக்குப் போனாராம். நிழலே இல்லாத வெள்ளைப் பவளப் பாறை, குகைகளுக்குள்ளிருந்து ஓயாத துப்பாக்கிச் சூடு, ஒரு மிடறு தண்ணீருக்கு ஆட்கள் அடிபட்டார்களாம். கரையில் காயப்பட்டுக் கிடந்த ஓர் இளம் சிப்பாய்ப் பெடியன் இவரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான். இடுப்புப் போத்தலில் தண்ணீரை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டார். அவன் அங்கேயே செத்துப்போனானாம். அவன் ஒரு நாள் கேட்டு வருவான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார், பாவம்.

பிறகு அவருக்கு விழுங்க முடியாமல் போனது. ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதே, நுரையீரலுக்குள் போய் ஆளே முடிந்துவிடும் என்று தாதி எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம், நல்ல வெளிச்சம், கதவைத் திறக்கிறேன், கட்டிலருகே கதிரையில் ஓர் இளைஞன். உதடெல்லாம் வெடிப்பு, கால் சப்பாத்தில் வெள்ளைத் தூசி. பேரனாக்கும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டான். எங்கள் ஆட்கள் வந்தவருக்கு முதலில் தண்ணீர்தானே கொடுப்பார்கள், ஆர் எவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதானே? ஓடிப்போய்க் கொண்டுவந்து நீட்டினேன்.

பாதியைக் குடித்தான். மீதியைக் கிழவரின் வாயருகே கொண்டுபோனான். ஐயோ வேண்டாம் என்று கத்தப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை, வாசலில் நின்ற கால் அசையவில்லை, நம்பினால் நம்புங்கள். கிழவர் அழுதுகொண்டே மடமடவென்று குடித்தார். அப்படியே தலை சாய்ந்துவிட்டது.

"டேய், என்னடா செய்தனீ!" செல்வம் அண்ணையின் குரல், பின்னால் தாதி.

"அந்தப் பெடியன் எங்கை அண்ணை?"

"எந்தப் பெடியன்? நீதானேடா நிண்டனீ. உன்ரை ஒரு கை கிழவன்ரை பிடரியிலை, மற்றக் கையிலை கிளாஸ்."

நான் வாசலில்தான் நின்றேன். சத்தியமாக வாசலில்தான். ஆனால் அண்ணை என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் அந்தக் கிளாஸை வாங்கினார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.