மலையேறுமுன் எழுதும் பெயர்

இலண்டன் மனோர் பார்க்கிலிருந்து நண்பர் இருவருடன் புறப்பட்ட நான், இப்போது ஸ்கொட்லாந்தின் மலையடிவார விடுதியொன்றில் நிற்கின்றேன். சாளரத்துக்கு வெளியே, வெண்பனி மூடிய முகட்டில் காலையொளி செம்மையாய்ப் படர்கின்றது.

விடுதி நடத்தும் மூதாட்டி ஓர் ஏட்டை நீட்டுகின்றார். குளிர்காலத்தில் மலையேறுவோர் தம் பெயரையும் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவைப்பது இங்குள்ள நல்வழக்கம். நானும் அந்தோனியும் எழுதுகின்றோம். நேசராசா பின்வாங்குகின்றார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில், ஏதோவொரு பட்டியலில் தம்பியின் பெயர் இருந்தமையால் அவனை இழந்தவர் அவர்; இலண்டனில் தம் வீட்டு அழைப்புமணியருகிலும் பெயர் எழுதாதவர்.

"என்ரை பேர் வேண்டாம் அண்ணை. நீங்கள் ரெண்டு பேரும் எழுதினாக் காணும்தானே."

"கலியாண எழுத்திலை கையெழுத்து வைக்கேக்கையும் இப்பிடித்தான் நிண்டனியோ?" என்று அந்தோனி சீண்டுகின்றார். நேசராசா சிரிக்கவில்லை.

மூதாட்டி எங்களை எண்ணிப் பார்க்கின்றார்.

"மூவர் போகிறீர்கள், ஏட்டில் இருவர்தான். மூடுபனியில் வழி தவறினால், இருவரைக் கண்டவுடன் தேடுவோர் மலையிறங்கிவிடுவார்கள்."

அவர் குரலில் அதட்டல் இல்லை. முன்பின் அறியாத எங்கள்மீது கொண்ட அக்கறையே இருக்கின்றது.

நேசராசா எழுதுகோலை வாங்குகின்றார். தந்தையின் பெயரோடு தம் பெயரை முழுமையாக எழுதி, திரும்பும் நேரம் நான்கு மணி என்று குறிக்கின்றார்.

"கெதியா வாங்கோ. விடுதி மனிசி நாலு மணிக்கு வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கும்," என்றபடி பனியில் முதலடி வைக்கின்றார்.