அமலி டீச்சரின் ஓரெழுத்துச் சொற்கள்

சனிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் போனில் கூப்பிட்டார். அமலி டீச்சரின் கணவர். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவசியமில்லாமல் யாரையும் கூப்பிடாத மனிதர். திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், அமலி போயிட்டா."

 பிறகு அவரே சொன்னார்: "சொந்த ஊருக்கே கொண்டு போறோம். புன்னக்காயலுக்கு. நாளைக்குச் சாயங்காலம் அடக்கம்." கடைக்காரப் பெண்மணி தராசைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார்.  கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.

டீச்சரை அறிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதை வாசிக்கப் போகிறீர்கள். அறியாத சிலருக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது, ஆற்றுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியனான எனக்கு. ஒன்றும் இரண்டும் அமலி டீச்சருக்கு. இடையில் ஒரு சுவர், அந்தச் சுவரில் கதவில்லாத ஒரு வாசல். இப்படியே பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் பாடம் நடத்தினோம். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்காருவார், நான் பின்னால். நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்கும் வழியில்தான் எங்கள் பேச்சு முழுவதும்.

அவருடைய குரலைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. டீச்சர் "ஏட்டி" என்று ஒரு பிள்ளையை அழைத்தால் தோட்டத்தில் தார் வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "டீச்சர், கொஞ்சம் பைய பேசினா நானும் நாலு வார்த்தை பாடம் நடத்திக்கிடுவேன்" என்றேன். "கடக்கரையில காத்துக்கு மேல சத்தம் போட்டு வளந்தவ சார் நான். பைய பேசினா எனக்கே கேக்காது" என்றார். சத்துணவுக் கூடத்தை அவர் தன் ஊர் வழக்கப்படி 'குசினி' என்பார். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். "வீட்டுல அடுப்படிய குசினிங்கான் சார், எங்கன படிச்சான்னே தெரியல" என்று ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டதுண்டு.

ஜூன் மாதத்து முதல் வாரத்தில் அவர் வகுப்பைப் பார்க்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் அழும், மீதிப் பிள்ளைகள் அழுகிறவர்களைப் பார்த்து அழும். டீச்சர் பாடப்புத்தகத்தைத் தொடவே மாட்டார். தரையில் புளியமுத்தைக் கொட்டிவிட்டு, பெரியது ஒருபக்கம் சின்னது ஒருபக்கம் பிரிக்கச் சொல்வார். மறுவாரம் அந்த முத்துகளாலேயே தரையில் 'ட' போட வைப்பார், பிறகு 'ப'. மேற்பார்வைக்கு வந்த ஒரு அலுவலர், பாடம் எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடம் ரெண்டாவது சார். ஒண்ணுக்கு வந்தா சொல்லத் தெரியணும், பக்கத்துல ஒருத்தன் அழுதா பாக்கத் தெரியணும். அது ரெண்டும் வந்துட்டா எழுத்து தானா வந்துரும்" என்றார் டீச்சர். அலுவலர் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் குரல் ஒரு தை மாதம் கம்மத் தொடங்கியது. சாக்பீஸ் தூசி என்று நினைத்தோம். வெந்நீர், மிளகுக் கஷாயம், சித்தரத்தை எல்லாம் பார்த்தார். மாசி முடிவதற்குள் அது குரல்வளையில் வந்த புற்று என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார்கள். பஸ் நிறுத்தத்தில் கரகரத்த தொண்டையோடு என்னிடம் சொன்னார்: "உசிரா சத்தமான்னு கேக்காவ சார். மக இன்னும் காலேஜ் முடிக்கல. என்னத்தச் சொல்ல?" அவர் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

சுதந்திர தினம் கழிந்து திரும்பி வந்தார். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு இல்லை, கிசுகிசுப்புகூட இல்லை. கல்வி அலுவலகத்தில் அன்பாகவே சொன்னார்கள், விருப்பமென்றால் எழுத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று. நான் அதைச் சொன்னபோது டீச்சர் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: 'ஆபீசுல யாருக்கு நான் மூக்கு சிந்தி விட?'

ஆனால் ஒன்றாம் வகுப்பில் அந்தச் சிலேட்டுக்கு வேலை இல்லை. எழுதிக் காட்டலாம், வாசிக்க யார் இருக்கிறார்கள்? முதல் நாள் அவர் கையைக் கையை ஆட்டினார், பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துத் திரும்ப ஆட்டினார்கள். சாயங்காலம் நிறுத்தத்துக்கு நடக்கும்போது சிலேட்டை அவர் வெளியே எடுக்கவே இல்லை. 

மறுநாள் ஒரு கட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு வந்தார். அவற்றின் பின்பக்கத்தில் தடித்த மையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தார். வா. போ. தா. நீ. கை. ஈ. தமிழில் ஒற்றை எழுத்தே ஒரு முழுச் சொல்லாக நிற்கும் என்பதை நாம் இலக்கணத்தில் படித்து மறந்திருப்போம். டீச்சருக்கு அதுவே வாயானது. 'வா' அட்டையைக் காட்டி ஒரு பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளைக்குப் புரியாது. முந்திய ஆண்டு அவரிடம் ஒன்றாம் வகுப்பு படித்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே அறையில் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து "வா!" என்று கத்துவார்கள். பிள்ளை எழுந்து வரும். 'நீ' என்றால் பதில் சொல்வது உன் முறை. சோற்று நேரத்தில் 'ஈ' காட்டினால் தட்டை மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் ஒன்றாம் வகுப்பே முந்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டது. டீச்சர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அதற்குமுன் எந்த ஆண்டும் எழுத்துக்காகப் பிள்ளைகள் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை.

கழுத்துத் துணியைப் பற்றி நாங்கள் பெரியவர்கள் யாரும் பேச மாட்டோம். மாரிச்செல்வி என்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நேராகக் கேட்டுவிட்டாள்: "டீச்சர், உங்க கழுத்துல என்ன ஓட்ட?" நான் வாசலில் நின்றிருந்தேன். அதட்ட வாயெடுத்தேன். டீச்சர் என்னைக் கையமர்த்திவிட்டு, அந்தப் பிள்ளையின் உள்ளங்கையை எடுத்துத் துணிக்கு முன்னால் பிடித்தார். மூச்சு கையில் பட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "சுடுது!" என்றாள். அதன்பிறகு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை நான் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பைய லே, பைய! எங்கன ஓடுத? உக்காரு!" என்று கேட்டது. டீச்சருடைய அதே இழுப்பு, அதே ஏற்ற இறக்கம். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டாம் வகுப்புத் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். டீச்சரின் கையில் 'பைய' என்று எழுதிய அட்டை. மீதியைத் தர்ஷினி தானாகவே சேர்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஓசையில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் என் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் மாரிச்செல்வியின் அப்பா இசக்கிமுத்து எழுந்தார். வாழைத்தார் ஏற்றும் தொழிலாளி. "தப்பா நெனைக்காதிய சார். டீச்சர் மேல மரியாத இருக்கு. ஆனா வாய் பேசாத டீச்சர்ட்ட எம்பிள்ள பேச்சு எப்படிப் படிக்கும்?" நியாயமான கேள்வி. டீச்சர் சிலேட்டில் எழுதி, வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்: 'ஒருநாள் வந்து உக்காருங்க அண்ணாச்சி.'

இசக்கிமுத்து நிஜமாகவே வந்தார். லோடு இல்லாத ஒரு காலையில், தரையில் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்று 'ழ' நடந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எளிதில் வராது. வாழை என்பது வாளைதான். முன்பெல்லாம் டீச்சர் நூறு தடவை சொல்லிச் சொல்லியே வரவைப்பார். இப்போது வாயைத் திறந்து, நாக்கின் நுனி எங்கே மடிகிறது என்று காட்டினார். பிள்ளைகள் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் நாக்கை மடித்தார்கள். ஒவ்வொருவராகச் சொல்லி முடிந்ததும் டீச்சர் 'நீ' அட்டையை இசக்கிமுத்துவுக்கு நேராக நீட்டினார்.

"வாள" என்றார் அவர்.

"வாள இல்லப்பா, வாழ. நாக்க மடி" என்றாள் மகள்.

மறுபடியும் வாள. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் ஒருவர் முயன்றுகொண்டிருக்கும்போது சிரிக்கும் பழக்கம் இல்லை. டீச்சர் அட்டையை இறக்காமல் காத்திருந்தார். அந்த மனிதருக்கு நெற்றி வியர்த்தது. நாக்கை மடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "வாழ" என்றார். அறையே கைதட்டியது. போகும்போது என்னிடம், "தெனம் தூக்குத சாமானு சார், இத்தன வருசமா பேர மாத்திச் சொல்லிட்டிருந்திருக்கேன். பிள்ள இங்கனயே இருக்கட்டும்" என்றார். வேறு ஒரு வீட்டில் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகளை வேன் வரும் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். டீச்சர் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் நெடுநாள் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

ஒரு குறை அவரைக் கடைசி வரை வருத்தியது. அவர் வகுப்பு ஒருகாலத்தில் பாட்டாகவே இருக்கும். எண்ணுவதற்கு ஒரு பாட்டு, கை கழுவ ஒரு பாட்டு, வரிசையில் நிற்க ஒரு பாட்டு. எல்லாம் அவரே கட்டியவை. பிள்ளைகளிடம் பாட்டு நாளடைவில் தேய்ந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வரிகள் உதிர்ந்தன, ராகம் மாறியது. ஒருநாள் நிறுத்தத்தில் சிலேட்டை நீட்டினார். 'மத்ததெல்லாம் சமாளிச்சுட்டேன் சார். பாட்டுதான் போச்சு.' பஸ் வந்துவிட்டது. ஏறி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறு ஆண்டு மாசியில் புற்று திரும்ப வந்தது. இந்த முறை நுரையீரலில். மே மாத விடுமுறையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். மகள் கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, சிலேட்டை மடியில் வைத்தாள்.

'ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் யாரு?'

"நான்தான் டீச்சர். பெரிய பிள்ளையளுக்குத் தற்காலிகமா ஒரு டீச்சரப் போட்டுருக்காவ."

ஓசையின்றிச் சிரித்தார். 'பாவம் பிள்ளைய' என்று எழுதினார். அழித்தார்.  பிறகு நெடுநேரம் எடுத்து எழுதியதை என் பக்கம் திருப்பினார்: 'நான் போனா, பிள்ளையள்ட்ட செத்துட்டேன்னு சொல்லுங்க. ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லாதிய. எதிர்பாத்துக்கிட்டே இருக்கும்.'

நான் தலையை ஆட்டினேன். மகள் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

செப்டம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை புன்னக்காயலில், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே அவரை அடக்கம் செய்தோம். இசக்கிமுத்து தார் ஏற்றும் வண்டியில் எங்கள் ஊர்க்காரர்களை நிறைத்துக்கொண்டு வந்திருந்தார். வளர்ந்துவிட்ட பழைய மாணவர்கள் சிலர் மண் போட முன்னால் வந்தார்கள். செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல சத்தமே இல்ல சார்" என்றார். டீச்சர் பேச்சை நிறுத்தி எத்தனையோ காலமாகியிருந்தது. ஆனாலும் செல்வராஜ் சொன்னது எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அமலி டீச்சர் செத்துப்போயிட்டாவ" என்றேன்.

 இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்பம் நாளைக்கு வரமாட்டாவளா சார்?"

"வரமாட்டாவ."

"பரீட்ச லீவு முடிஞ்சு?"

"அப்பவும் வரமாட்டாவ. இனி வரவே மாட்டாவ."

"எங்க இருக்காவ?"

புதைத்த இடத்தைச் சொன்னேன். கடலுக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போதுதான் மாரிச்செல்வி அழத் தொடங்கினாள். பிறகு ஒவ்வொருவராக.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான்: சின்னப் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலிருந்து எழுந்து போகாமல் இருப்பது. அன்று அப்படி உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஒருவழியாக அடங்கிய பிறகு எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். இடைவேளை மணி அடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.