கிளிப்பை என் கையில் மாட்டிய பிறகு

காலை பதினொன்று பத்து. பெரம்பலூருக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில், உயிரியல் கருவியியல் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். அன்று மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஈ.சி.ஜி. ஆம்ப்ளிஃபயர் பயிற்சி. தாங்களே பிரெட்போர்டு என்ற துளைப்பலகையில் சர்க்யூட் போட்டு, குழுவில் ஒருவருக்குக் கையிலும் காலிலும் கிளிப் மாட்டி, இதயத் துடிப்பைத் திரையில் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் கிளிப் மாட்டிக்கொண்டவள் என் மகள் கயல்விழி. ஆய்வகத்தில் அவள் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள்.

நாலைந்து துடிப்புகள் ஒழுங்காக வந்தன. அடுத்தது சீக்கிரமே, அகலமாக, வேறு வடிவில் எழும்பியது. பிறகு ஒரு இடைவெளி. மறுபடியும் அப்படியே.

“சார், இவ ஹார்ட்டும் இவள மாதிரியே நடுவுல பிரேக் எடுக்குது” என்றான் அவளுடைய குழுவிலிருந்த சபரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படம் கோணலாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்பது இருபது வருடமாக நான் சொல்லித்தரும் பாடம். கிளிப்புக்கு அடியில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ஐ.சி. சிப்பைப் பிடுங்கி வேறு போட்டேன். கையை ஆட்டாதே என்று அதட்டினேன். அவள் ஆட்டவே இல்லை. வேறு ஒருவருக்கு மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதை மட்டும் நான் செய்யவில்லை. கோளாறு சர்க்யூட்டில்தான் இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அவளே கிளிப்புகளைக் கழற்றி எனக்கு மாட்டினாள். திரையில் சீரான துடிப்பு. பயத்தில் கொஞ்சம் வேகமாக, அவ்வளவுதான்.

“ஒங்களுக்குச் சரியா வருதுப்பா. அப்ப சர்க்யூட்டுல ஒண்ணுமில்ல.”

ஆட்டோவில் டவுன் மருத்துவமனைக்குப் போனோம். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தார்கள். இதய டாக்டர் அரியலூர் போயிருக்கிறார், வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். பெஞ்சில் அவள் மணிக்கட்டில் நாடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“எண்ணாதீங்கப்பா” என்றாள்.

டாக்டர் வர மணி மூன்றேகால் ஆயிற்று. நின்றபடியே தாள்களைப் பார்த்தார். இடையிடையே ஒரு துடிப்பு கூடுதலாக வருகிறது, இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“மெஷின சந்தேகப்படுங்க சார், வேணாங்கல. ஒரு நிமிஷம் போதும். நாப்பது நிமிஷம் எதுக்கு?”