நார்கண்டாவுக்கு இரண்டு பேர்

பனிச்சறுக்கு வீடியோக்களை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். மைசூரு விஜயநகர் வீட்டு ஹாலில் ஒரே சோபா. ஒரு மூலையில் கணவர், மறு மூலையில் நான், நடுவில் என் அண்ணன். யாராவது சறுக்கி விழுந்தால் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். விழாமல் அழகாக வளைந்து வளைந்து இறங்குகிறவர்களை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "இவன் விழ மாட்டேங்கறான். மாத்து பாப்பா" என்பான்.

அண்ணனுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நான் பிறந்த அன்று தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பாப்பா என்று கூப்பிட்டானாம். எனக்குத் தலை நரைத்த பிறகும் நான் அவனுக்குப் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவன் எங்களோடு வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. நான் வங்கிக்குப் போய்விடுவேன். கணவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்பதால் பகலில் அவர் துணை. அதன்பிறகு வேளாங்கண்ணி, கோவா என்று எங்கே போனாலும் அண்ணன் எங்கள் நடுவில் இருந்தான், அந்த சோபாவில் இருப்பது போலவே.

பனியில் சறுக்க வேண்டும் என்ற ஆசை கணவருடையது. "முட்டி நல்லா இருக்கும்போதே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று ஆரம்பித்தார். வங்கியில் எனக்குப் பயணச் சலுகை ஒன்று பாக்கி இருந்தது. போக்குவரத்துச் செலவு அதில் போய்விடும், தங்குவதும் கற்றுக்கொள்வதும்தான் எங்கள் கையிலிருந்து. வெளிநாடு என்ற பேச்சே எடுக்கவில்லை. மணாலிக்குப் பக்கத்தில் சோலங் மலிவாக இருந்தது. ஆனால் அங்கே போய்வந்த என் சக ஊழியர், "வாடகை பூட்ஸ் மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்கலாம் மேடம். கத்துக்கறதுக்கு இடம் பத்தாது" என்று சொல்லிவிட்டார். மிஞ்சியது இரண்டு.

ஒன்று குல்மார்க். பனி நிச்சயம். ஆரம்பக்காரர்களுக்கென்று மெத்தை மாதிரி தாழ்ந்த சரிவுகள். சறுக்கத் தெரியாதவர்களை மரப்பலகை வண்டியில் உட்காரவைத்து இழுத்துப் போக ஆட்கள் உண்டு. ஆனால் அறை, பூட்ஸ், பயிற்சியாளர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று நார்கண்டா. சிம்லாவிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறினால் வரும் சின்ன ஊர். அங்கே அரசாங்கமே முதல்முறை கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்துகிறது. அறை, சாப்பாடு, பலகைகள், சொல்லிக்கொடுக்கிறவர் எல்லாம் ஒரே கட்டணத்தில். குல்மார்க்கில் ஆகக்கூடியதில் பாதிகூட ஆகாது. டாக்டரிடம் உடல் தகுதிச் சான்றிதழ் மட்டும் வாங்க வேண்டும்.

அண்ணனுக்கு இதயத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை. அந்தச் சான்றிதழை எந்த டாக்டரும் கொடுக்க மாட்டார். எங்கள் டாக்டரிடம் குல்மார்க்கைப் பற்றியும் கேட்டேன். "நல்லா மூடி அழைச்சிட்டுப் போங்க. வண்டியில உட்காரட்டும், ஓட விடாதீங்க. ஏன் போகக்கூடாது?" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் கணவர் கேட்டார்.

"அப்ப குல்மார்க்கே போட்டுடலாமா? கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா முடியும்."

"அவ்வளவு செலவு எதுக்குங்க? நமக்குக் கத்துக்க வருதோ இல்லையோ. முதல் தடவைதானே."

"நார்கண்டான்னா உங்க அண்ணனை எங்க விடறது?"

"உங்க அக்கா வீட்ல ஒரு வாரம் இருக்கட்டும்."

அவர், "நீ செலவுக்காகச் சொல்றியா?" என்றார்.

செலவுக்காக இல்லை. அண்ணன் என்னைச் சார்ந்தவன் என்று வங்கியில் பதிவு இருக்கிறது; அவனுக்கும் டிக்கெட் கிடைத்திருக்கும். மற்றதைச் சமாளித்திருக்கலாம். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், பாப்பா என்று யாரும் கூப்பிடாத இடத்தில் இருக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், "ஆமா, செலவுதான்" என்றேன். இரண்டு பேருக்குப் பணம் கட்டினோம்.

அண்ணனிடம் சொல்வதை நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வீடியோக்களில் பார்த்த ஊருக்கு மூவரும் போகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வந்து அவன் அறைக்குள் போனால், கட்டில்மேல் பை தயாராக இருந்தது. ஸ்வெட்டர், மப்ளர், கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சட்டை. அதற்கு மேலே, இரண்டு கைக்கும் ஒவ்வொன்றாக, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் என் கிச்சன் கையுறைகள்.

"அண்ணா, நீ வரல. நீ குண்டலுபேட்டைக்குப் போற. அத்தானோட அக்கா வீட்டுக்கு."

"பனி?"

"டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார்ணா."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அண்ணன் கையுறைகளை எடுத்து என்னிடம் நீட்டினான். அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

என் நாத்தனார், கணவரின் அக்கா, குண்டலுபேட்டையில் ஊட்டி ரோட்டின் மேலேயே ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். ஊட்டிக்குப் போகிற கார்களெல்லாம் டீக்கு அங்கே நிற்கும். குழந்தை குட்டிகள் வெளியூரில். அவர் கடையும் உண்டு, தானும் உண்டு என்று இருப்பவர். பேச்சு எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும்.

"நீ கெளம்பு கண்ணு. என்ற கூட இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் மாத்திரை, வேளை, எதெல்லாம் ஆகாது என்று ஒப்பித்தேன். "ரோட்டுப் பக்கம் மட்டும் விடாதீங்கக்கா. கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றேன். இது அம்மா எனக்குச் சொன்னது. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

நார்கண்டாவில் முதல் நாள் முழுக்க பூட்ஸோடு போராட்டம். காலில் சிமெண்ட் கட்டு போட்டது மாதிரி கனம். பலகைகளை மாட்டிக்கொண்டு சமதளத்தில் நிற்கவே முடியவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தேன். கணவர் என்னைத் தூக்க வந்து என் மேலேயே விழுந்தார். சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரர், பொறுமைசாலி. இரண்டு பலகைகளின் மூக்கையும் நெருக்கி வாலை அகட்டினால் வேகம் குறையும் என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கிப் போனார். தேவதாரு மரங்களிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நான் விழும்போதும் தொடையைத் தட்டிச் சிரிக்கும் சத்தம் ஒன்று என் காதுக்குள் கேட்டது.

சாயங்காலங்களில் நாத்தனாருக்குப் போன் செய்தேன். அண்ணன் பேச வரவில்லை. "வேலையா இருக்கறான்" என்றார் நாத்தனார். அண்ணனுக்குக் கோபம்தான், அதை மறைக்க அவர் ஏதோ சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. "குல்மார்க் போயிருக்கலாம்" என்றேன் கணவரிடம். "வந்தாச்சு. இனிமே கத்துக்கோ" என்றார்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் அது எனக்கு வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. சரிவின் பாதியிலிருந்து கிளம்பினேன், உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது, பலகை திரும்பியது, மறுபக்கம் சாய்ந்தேன், மறுபடி திரும்பியது. அடிவாரத்தில் நிற்கும்போது நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதே மற்றவர்கள் கைதட்டியபோதுதான் தெரிந்தது. ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். வெளிச்சம் போகும்வரை அதே வேலை. வந்து சூடாக ராஜ்மா சாதம் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நான் போன் செய்யவில்லை. முந்தைய நாள் முழுக்க ஒரு தடவைகூட அண்ணனை நினைக்கவில்லை. விட்டுவிட்டு வந்ததைவிட இது பெரிய குற்றமாகப் பட்டது. அம்மா போனதிலிருந்து அவனை நினைக்காமல் ஒரு நாள் எனக்குக் கழிந்ததே இல்லை. கழிந்த அந்த ஒரு நாள்தான் என் நினைவில் மிக சந்தோஷமான நாளாக இருந்தது. அன்று நான் சரிவுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அறையிலேயே படுத்துக்கிடந்தேன். கட்டிய பணம் வீணாகிறதே என்று கணவர் போய்விட்டு வந்தார்.

பெங்களூரில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் குண்டலுபேட்டைக்கு விட்டோம். காரை ரோட்டின் இந்தப் பக்கம் நிறுத்தும்போது எதிரில் பேக்கரி தெரிந்தது. வாசலில் அண்ணன். இடுப்பில் நீல ஏப்ரன், கையில் ஈரத்துணி. ஒரு குடும்பம் எழுந்துபோன மேஜையை வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரோட்டைத் தாண்டிப் போய் நாத்தனாரிடம், "என்னக்கா இது? எங்க அண்ணனை மேஜை துடைக்க விட்டிருக்கீங்க?" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாத்தனார் தட்டில் காரா பன் அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நான் சொல்லலை கண்ணு. மொத நாளு உம்முனு மூலைல உக்காந்திருந்தான். ரெண்டாம் நாளு அவனே துணிய எடுத்துக்கிட்டான். புடுங்கிப் பாத்தேன், குடுக்க மாட்டேன்னுட்டான்."

"அவனுக்கு உடம்பு—"

"ஓட விடலை. நோவுனா உக்காந்துக்குவான். நீயே கேளு."

அண்ணன் என்னைப் பார்த்தான். சிரித்தான். ஆனால் ஓடி வரவில்லை. "இரு பாப்பா, கஸ்டமர்" என்று சொல்லிவிட்டுப் புதிதாக வந்து உட்கார்ந்த இரண்டு பேரிடம் போனான். என்ன வேண்டும் என்று கன்னடத்தில், "ஏனு பேக்கு?" என்றான். அவர்கள் டீ, பன் என்று சொல்ல, இரண்டு விரலைக் காட்டி உள்ளே குரல் கொடுத்தான். பிறகு பால் தீர்ந்துவிட்டது என்று நாத்தனார் சொன்னதும் ரோட்டோரத்துக்குப் போய் நின்றான். நான் பின்னால் ஓடினேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு. சும்மா பாரு."

லாரி போனது. பஸ் போனது. அண்ணன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், மறுபடி இந்தப் பக்கம். தாண்டிப் போனான். பாலோடு திரும்பி வந்தான்.

எங்கள் வீட்டிலிருந்து பால் பூத் நாலு வீடு தள்ளி. அதற்குக்கூட அவனைத் தனியே அனுப்பியதில்லை நான். கையைப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் பாசம் என்று நினைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லாததும் அதில் எவ்வளவு கலந்திருந்தது என்று இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவனை விட்டுவிட்டுப் போனேனே என்று ஒரு வாரம் குமைந்தவளுக்கு, இத்தனை வருடம் விடாமல் வைத்திருந்தேனே என்று குமைய வேண்டிவந்தது. அதே கல்தான், வேறு தோளில்.

"கெளம்பலாமா அண்ணா?"

"நாளைக்குக் கடை இருக்கு" என்றான்.

அன்று அவனை அழைத்து வரவில்லை. கணவரும் நாத்தனாரும் பேசி முடிவு செய்தார்கள், நான் தலையாட்டினேன். டாக்டரும் சரி என்றார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் அண்ணன் குண்டலுபேட்டையில் இருக்கிறான். சனிக்கிழமை நாத்தனார் பஸ் ஏற்றிவிட, கணவர் மைசூரு பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொள்கிறார். வரும்போது தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த் பன் கொண்டுவருகிறான், என் சம்பளம் என்று சொல்லி. திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் அவன் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

சர்ச் வாசலில் அம்மாவின் பழைய சிநேகிதிகள் கேட்கிறார்கள். "அண்ணனைக் காணோமே, எங்கயாவது ஹோம்ல சேர்த்துட்டியாம்மா?"

"இல்ல ஆண்ட்டி, வேலைக்குப் போறான்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது உண்மைதான். சொல்லும்போது என் குரல் ஏனோ பொய் சொல்கிறவள் குரல் மாதிரி இறங்கிவிடுகிறது. வார நாட்களில் வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கூப்பிடாத அந்த ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.