கடைக்காரர் கடிக்காத கட்லட்

ஊர்காவற்றுறையில் என் மாட்டிறைச்சிக் கட்லட்டைக் குறை சொன்னவர் இல்லை. இறைச்சி கொத்தக் கைவலி என்று ஒருநாள் இறைச்சிக்கடையில் அரைத்து வைத்திருந்ததை வாங்கிப் பொரித்தேன். அதைச் சாப்பிட்ட என் மனுசன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைக்காரரோ, "ஆச்சிக்கு வயசு போட்டுது, சமையல் பிழைச்சிட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

விடுவேனா? அவரிடமே மறுபடியும் அரைத்ததை வாங்கிப் பொரித்தேன். ஞாயிறு பூசை முடிந்து சனம் இறைச்சிக்கு நிற்கையில் கொண்டுபோய் நீட்டினேன்.

"உம்மட இறைச்சிதான் தம்பி, ஒண்டு கடிச்சுப் பாரும்."

"ஐயோ ஆச்சி, எனக்கு ஏலாது. வயித்துக் குத்து."

"கடிக்க முதலே குத்துதோ?"

சனம் சிரித்தது.

இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன். முழுத் துண்டாக வாங்கி, வீட்டில் நானே கொத்துகிறேன். ஆனால் கடையில் சனம் கூடும்வரை காத்திருந்துதான், "அரைச்சது வேண்டாம் தம்பி" என்று உரக்கச் சொல்லுவேன்.