பந்து போடுகிறவர் கடைசியில் அடிப்பார்

வேலூர் போர்டிங் பள்ளியில் நான் படித்தபோது எங்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அமெரிக்க மிஸ்ஸியம்மா. பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போர்டிங்கில் எதையுமே எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. காலையில் ஜெபம், பிறகு கஞ்சி, சனிக்கிழமை சாயங்காலம் பேஸ்பால். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஆடினோம்.

ஆட்டம் இதுதான். ஒருத்தி பந்து போடுவாள். எதிர்க்கட்சிக்காரி உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு, மூலைக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் சாக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓடவேண்டும். ஒரு சுற்று முடித்தால் ஒரு ரன். மூன்று தடவை வீசியும் மட்டையில் படவில்லை என்றால் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

எங்கள் கட்சியில் பந்து போடுகிறவள் நான். கிணற்றில் இறைத்து இறைத்து வலது கை நன்றாக உரம் ஏறியிருந்தது. மிஸ்ஸியம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார்: பந்து போடுகிறவள் எல்லாருக்கும் கடைசியில்தான் அடிக்க வருவாள். அவளிடம் அடியை எதிர்பார்க்கக் கூடாது, அவள் கை போடுவதற்கு மட்டும். நான் இரண்டொரு தடவை பந்தை மதில் வரைக்கும் அனுப்பினேன். "தற்செயல்" என்றார் மிஸ்ஸியம்மா. அவருக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

படிப்பு முடிந்து, டீச்சர் பயிற்சியும் முடிந்து, ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. மேஸ்திரி என்றால் சும்மா நிற்பவர் இல்லை. ஊறிய எருமைத்தோலை இரண்டு பேர் பிடித்து இழுப்பார்கள். இவர் ஒருவரே இழுத்து, மயிர் சீவுகிற மரத்தின் மேல் வீசுவார். பேச்சு கம்மி. கல்யாணமான முதல் மாதத்தில் அவர் என்னோடு பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். விலாசத்துக்கும் இடம் மிச்சமிருக்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும்தான்.

அந்தச் சமயத்தில் ஆம்பூருக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார், சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கு ஆட்கள் கள்ளுக்கடைக்குப் போவதைத் தடுக்க வழி தேடினார். பேஸ்பால் என்று முடிவு செய்தார். அவர் எங்கள் ஊர் பாஷையை மதராஸில் ஒரு முன்ஷியிடம் புத்தகத்தை வைத்துப் படித்தவர். என் வீட்டுக்காரர் தோல் வீசுவதைக் கிடங்கு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நீரே எமது பந்தை வீசுவீராக" என்றாராம். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமியார் விசாரித்தார்.

"இன்னாடா ஆட்டம் அது?"

"பந்த அடிச்சிட்டு ஓடணும்மா."

"எங்க ஓடணும்?"

"ஒரு சுத்து சுத்தி, கெளம்புன எடத்துக்கே வரணும்."

"அதுக்கு அங்கியே நின்னுக்கலாமே" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் பந்து போட்டால் அடிப்பதற்கு ஆள் கிடையாது. அடிக்க நின்றால் அவர் மட்டையில் பந்து படுவதும் கிடையாது. பாதிரியாரும் அதே சட்டக்காரர்தான். போடுகிறவர் கடைசியில் வருவார், வந்தவுடன் போவார், அதனால் பாதகமில்லை என்று நினைத்தார். என் வீட்டுக்காரருக்கு அது பாதகமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். மூன்று வாரம் பார்த்தேன். நாலாவது வாரம் கேட்டேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"பந்து வர்றது தெரியுது. கட்டையத் தூக்கறதுக்குள்ள போய்டுது. எல்லாஞ் சிரிக்கிறானுங்க."

"நான் போடட்டுமா? நீங்க அடிச்சுப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் போர்டிங்கில் பேஸ்பால் ஆடியதை அதுவரைக்கும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பழைய துணியை இறுக்கிச் சுருட்டி, மேலே தோல் வாரைச் சுற்றி ஒரு பந்து செய்தேன். மட்டைக்கு வேப்பங்கட்டை ஒன்று கிடைத்தது. தோட்டத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவரை நிற்கவைத்துவிட்டு, மாட்டுக்கொட்டாய் ஓரத்திலிருந்து போட்டேன். முதல் பந்து அவர் காதோரமாகப் போய் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் காலடியில் விழுந்தது. மாமியார் பந்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அரிசியைக் கொட்டி வைத்துவிட்டு, காலி முறத்தோடு மகனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"போடு" என்றார் என்னிடம். "தாண்டிப் போவாம நான் பாத்துக்கறேன். பின்னாடி கீரைப் பாத்தி இருக்குது."

அதற்குப் பிறகு தினம் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும், கிடங்கு விட்டு அவர் வந்ததும், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இதே வேலைதான். வேகமாகப் போட்டேன், மெதுவாகப் போட்டேன், உள்ளே வருகிற மாதிரி காட்டி வெளியே போட்டேன். முறத்தில் பந்து விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கீரைப் பாத்திக்கு ஒரு சேதமும் இல்லை. கொட்டாயிலிருந்த எருமைதான் இரண்டு நாள் பால் கம்மியாகக் கொடுத்தது.

அடுத்து வேலூரில் ஒரு மேட்ச். அங்கே காலேஜ் வாத்தியார்களும் பையன்களும் சேர்ந்த கட்சி. நம்மவர்கள் ரயிலில் போனார்கள். ராத்திரி இவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "நாலு வாட்டி அடிச்சேன்" என்றார்.

"எத்தனை வாட்டி நின்னீங்க?"

"நாலு."

பாதிரியார் ரயிலிலேயே அவரை மடக்கிவிட்டாராம். இந்த வித்தையை எங்கே கற்றீர் என்று கேட்டிருக்கிறார். இவர் உள்ளபடியே சொல்லியிருக்கிறார்: "எங்க ஊட்ல சொல்லிக் குடுத்தாங்க." எங்கள் பக்கத்தில் எங்க ஊட்ல என்றால் பெண்சாதி. முன்ஷி அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. "வீட்டுப் பயிற்சி மிகவும் உத்தமமானது" என்று பாதிரியார் பாராட்டிவிட்டார்.

பாராட்டியதோடு விட்டிருந்தால் தேவலை. அவர் நாட்டில் இப்படித்தான் ஒருவர் நன்றாகப் பந்து போட்டுக்கொண்டு, போடுவதைவிட நன்றாக அடித்தாராம். பந்து போடுவதை நிறுத்திவிட்டு அடிக்க மட்டும் வைத்தார்களாம். பெரிய பேர் வாங்கிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை பாதிரியார் சொன்னார்: "நீர் இனிப் பந்தை வீச வேண்டாம். உமது கரத்தை அடிப்பதற்கென்று காத்துக்கொள்ளும்."

பந்து போடும் வேலையைப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரிடம் கொடுத்தார். மனிதர் நல்லவர், கையும் நல்ல கை, கோடு இழுப்பதற்கு. என் வீட்டுக்காரரைப் பந்து பொறுக்க மைதானத்தின் கோடியில் நிறுத்தினார்கள். ஆட்டம் நடக்கும் மைதானம் பாலாற்றங்கரையில் இருந்தது. கோடி என்றால் ஆறு. தண்ணீர் இல்லாத ஆறுதான். இருந்தாலும், "உன் புருசன் இன்னா பண்றாரு?" என்று யாராவது கேட்டால் ஆற்றில் நிற்கிறார் என்று சொல்லவேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அவர் மட்டையில் பந்து படவில்லை. முன்பு கடைசியில் வந்து அடித்தவர், இப்போது நாலாவதாக வந்து காற்றை அடித்துவிட்டுப் போனார். தோட்டத்தில் நான் பந்து போடட்டுமா என்று கேட்டால், "வாணாம்" என்பார். ஒரு நாள் நான் விடவில்லை.

"அடிக்கறது ஒண்ணுதானே உங்க வேலை? ஏன் வரமாட்டேங்குது?"

முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "போட்டுக்கினே இருந்தா, அடுத்தவன் இன்னா போடுவான்னு கைக்கே தெரியுது. மணல்ல நின்னுக்கினு இருந்தா ஒண்ணுந் தெரியல. நான் ஆடறேனா வேடிக்கை பாக்கறேனான்னே தெரியல. போன வாரம் ஆடு மேய்க்கறவன் வந்து வழி கேக்கறான் எங்கிட்ட."

கல்யாணமானதிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாதிரியாரிடம் சொல்லிப்பாருங்கள் என்றேன். துரைக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்றார்.

பிறகு வேலூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு ஆட வந்தார்கள். நானும் மாமியாரும் போனோம். மாமியார் முதல் தடவையாக நிஜ மைதானத்தைப் பார்க்கிறார். "இன்னாத்துக்கு இவ்ளோ எடம்?" என்றார். பிறகு கையை நெற்றியில் வைத்து மகனைத் தேடினார். ஆற்று மணலில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார்.

டிராயிங் மாஸ்டர் போட்ட பந்தையெல்லாம் வேலூர்க்காரர்கள் பொறுக்கி எடுத்து அடித்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை அடிக்க வந்தார், இரண்டு தடவையும் திரும்பிப் போனார். என் வலது கை முந்தானைக்குள் தானாக மடங்கி மடங்கி நீண்டுகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை வாதமா என்று கேட்டாள்.

ஆட்டத்தில் பாதி தாண்டியிருக்கும். அந்தப் புள்ளி நகர ஆரம்பித்தது. முதலில் பந்து எடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தோம். பந்து அந்தப் பக்கமே போகவில்லை. மணலைத் தாண்டி, கரையேறி, நேராக மைதானத்தின் நடுவுக்கு வந்து டிராயிங் மாஸ்டர் முன்னால் நின்று கையை நீட்டினார். மாஸ்டர் பந்தைக் கையில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தார். போகும்போது அவர் மூஞ்சியில் இருந்த சந்தோஷத்தைப் போல நான் ஒரு மனிதர் மூஞ்சியிலும் பார்த்ததில்லை.

எல்லாரும் பாதிரியாரைப் பார்த்தோம். அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "ஆட்டம் தொடரட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு வேலூர்க்காரர்களுக்கு ஒரு ரன்கூட இல்லை. நம்மவர்கள் ஒன்றிரண்டாகச் சேர்த்து, கடைசிச் சுற்றில் இரண்டு ரன் பின்னால் இருந்தார்கள். நம்மவர்கள் இரண்டு பேர் சாக்குத் துண்டுகளின் மேல் நின்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் பந்து போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. வேலூர்ப் பையன் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனான். அவன் மெதுவாகத்தான் போடுவான் என்று எனக்குத் தெரிந்தது. நானாயிருந்தால் அதைத்தான் போடுவேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. மட்டையைத் தூக்காமல், தோல் இழுக்கிறவர் மூச்சுப் பிடித்து நிற்பதுபோல நின்றார். நின்று, பிறகு வீசினார்.

பந்து மைதானத்தைத் தாண்டி ஆற்றுக்குள் போய், பெண்பிள்ளைகள் குடிதண்ணீருக்காக மணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றில் விழுந்தது. வேலூர்க்கட்சிப் பையன் ஓடினான். குடம் வைத்திருந்த கிழவி ஒருத்தி அவனை வழிமறித்தாள். அவள் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

"இன்னா வுழுந்துச்சு எங்க தண்ணியில?"

"பந்தும்மா. எடுத்துக்கறேன்."

"இன்னா பந்து? தோலா?"

"அமெரிக்காவுல இருந்து வந்ததும்மா."

"அமெரிக்கா மாடுன்னா தோல் இல்லாம பொறக்குதா? தண்ணிய எறைச்சுக் கொட்டிட்டு எடு. மொத்தத்தையும் எறைச்சுக் கொட்டு."

பையன் குனிந்து குடத்தால் இறைக்க ஆரம்பித்தான். இதற்குள் முன்னால் இருந்த இரண்டு பேரும் வந்துசேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்தவர், ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். கடைசிச் சாக்குத் துண்டின் மேல் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். வேலூர்க்காரர்களோடு வந்திருந்த பாதிரியார், ஊற்று ஆட்டத்துக்குள் சேர்ந்த தண்ணீரா வெளித் தண்ணீரா என்கிற மாதிரி ஏதோ ஆட்சேபம் சொன்னார். இரண்டு பாதிரிமாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு ரன்னில் நாங்கள் ஜெயித்ததாக முடிவாயிற்று. பந்தை எடுத்துவர நேரமாயிற்று. மறுபடியும் ஊறுகிற வரைக்கும் இருந்து எல்லாக் குடத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகச்சொன்னாளாம் கிழவி.

பாதிரியார் என் வீட்டுக்காரரிடம் வந்து, "இனி நீர் பந்தை வீசும், கடைசியிலே அடியும்" என்றார். இவர் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இல்லை. பாதிரியார் திருப்பத்தூருக்குப் போயிருந்தார். சாயங்காலம் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேப்பங்கட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கி நான் போடறேன். நீ அடி."

"நான் எங்க அடிக்கறது? போர்டிங்ல ஏதோ தற்செயலா..."

"அடிச்சுப் பாரேன்."

மாமியார் ஒன்றும் கேட்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் எனக்காக மெதுவாகப் போடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. முதலாவது முறத்தில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் என் இரண்டு தோளும் ஒரு குலுக்குக் குலுங்கின. பந்து முருங்கை மரத்துக்கு மேலே போய், சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு பாயின் கூரையில் விழுந்தது. ஓடு உடைகிற சத்தம் கேட்டது.

பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"யாரு அடிச்சது மேஸ்திரி?"

"எங்க ஊட்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய்க்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார், கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், "ஜாஸ்தி தூரமாச்சே" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, என் வீட்டுக்காரர் பாய் வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றினார். நான் கீழே நின்று ஓடுகளை ஒவ்வொன்றாக மேலே வீசினேன். அவர் குனிந்து பிடித்துக்கொண்டார்.